இரண்டாம் அடிக்குறிப்பு

கௌதள்ளி

மரியாதைக்குரிய சம்பந்தி அவர்களுக்குக் கமலம்மாள் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நான் சுகம். உங்கள் சர்க்கரை எப்படி இருக்கிறது? காது மெஷின் சரியாகிவிட்டதா? தாரணியிடம் கேட்டால், "மாமாவுக்கு என்னம்மா, கம்ப்யூட்டர் முன்னால உட்கார்ந்துட்டா எந்த நோவும் தெரியாது" என்கிறாள். போனில் பேசினால் உங்களுக்குக் கேட்காது. அதனால்தான் எழுதுகிறேன்.

பொங்கலுக்கு உங்கள் மகன் சந்துருவும் தாரணியும் பேத்தியும் பெங்களூரிலிருந்து வந்திருந்தார்கள். சுசித்ராவுக்குப் பள்ளிக்கூடத்தில் நஞ்சன்கூட்டுத் தொழிற்சாலைகளைப் பற்றி எழுதச் சொன்னார்களாம். கைப்பேசியில் தேடிக்கொண்டிருந்தவள், சாப்பாட்டு நேரத்தில் எல்லார் முன்னாலும் கேட்டாள்: "அஜ்ஜி, தூங்கிப்போய் பாய்லர் வெடிச்சதுன்னு போட்டிருக்கே, அது நம்ம தாத்தாவா?" சந்துரு, "ஏய், சும்மா இரு" என்றார். தாரணி இலையை விட்டு எழுந்து போய்விட்டாள். அப்பா இறந்தபோது அவளுக்கு மூன்று வயது. அவர் முகமே ஞாபகம் இல்லாத பிள்ளை அவள்.

நீங்கள் பல வருடங்களாக எழுதிவரும் இணையக் கலைக்களஞ்சியத்தில்தான் அது இருக்கிறது. சுபோதயா பட்டு நூற்பாலை விபத்து என்று தலைப்பு. "கொதிகலனைக் கவனிக்க வேண்டிய லிங்கப்பன் உறங்கிவிட்டதே விபத்துக்குக் காரணம்" என்று எழுதி, மேலே சின்னதாக 2 என்று போட்டிருக்கிறது. என் வீட்டுக்காரர் தூங்கவில்லை. அந்த வரியை எடுக்க என்ன செய்ய வேண்டும்? உங்களால் முடியுமா?

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கமலம்மாள்


சரஸ்வதிபுரம், மைசூரு
27 ஜனவரி 2025, திங்கள்

மதிப்பிற்குரிய சம்பந்தியம்மா அவர்களுக்கு, வணக்கம்.

தாங்கள் நலமாயிருப்பதறிந்து மகிழ்ச்சி. சர்க்கரை அளவு சென்ற 18-ஆம் தேதிப் பரிசோதனைப்படி சற்றுக் கூடுதல். காது மெஷின் பழுது பார்க்கப்பட்டும் முன்போலவே இருக்கிறது. தங்கள் கடிதத்தில் தேதி இல்லை. அஞ்சல் முத்திரையைக் கொண்டு 21-ஆம் தேதி எனக் கொள்கிறேன். இனி தேதியிட்டு எழுதும்படி வேண்டுகிறேன்.

சுசித்ரா கேட்டது வருத்தத்திற்குரியது. ஆயினும் ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். ஒரு வரி நம்மை வருத்துகிறது என்பதற்காக அதை நீக்க இயலாது. புதிதாக எழுத வருவோர்க்கு நான் சொல்வதையே தங்களுக்கும் சொல்கிறேன். நமக்குத் தெரிந்தது ஆதாரமாகாது. நம்பத்தக்க இடத்தில் முன்பே அச்சாகியிருக்க வேண்டும். புகழ்ச்சியும் இகழ்ச்சியும் கூடாது. யார் சொன்னார்கள் என்பதைச் சொல்லிச் சொல்ல வேண்டும். நமக்கு உறவான பொருளில் நாமே கைவைக்கலாகாது. ஒவ்வொரு பக்கத்தோடும் இணைந்த பேச்சுப் பக்கத்தில் கோரிக்கை வைக்கலாம், பிறர் முடிவு செய்வார்கள்.

ஆகவே தாங்கள் முதலில் ஒரு பயனர் பெயர் எடுத்துக்கொள்ளுங்கள். தங்கள் ஊரைப் பற்றிய பக்கத்தில் சிறு திருத்தங்கள் செய்து பழகுங்கள். என் பயனர் பெயர் 'சரஸ்வதிபுரம் முரளி'. ஐயங்களை அங்கேயும் கேட்கலாம், கடிதத்திலும் கேட்கலாம்.

குளிர் அதிகம். கவனமாக இருக்கவும்.

தங்கள் அன்பன்
ம. முரளிதரன்


கௌதள்ளி

சம்பந்தி அவர்களுக்கு வணக்கம். நான் நன்றாக இருக்கிறேன். முட்டிவலி மட்டும் இருக்கிறது, அது எப்போதும் உள்ளதுதான்.

பேர் எடுத்துவிட்டேன். எங்கள் ஊர்ப் பக்கத்தில் "கௌதள்ளி மிகவும் அழகான ஊர்" என்று எழுதினேன். கால்மணி நேரத்தில் ஒருவர் அழித்துவிட்டு, "அழகு என்று யார் சொன்னது? சான்று தேவை" என்று கேட்டிருந்தார். பக்கத்து வீட்டு ராமக்காளிடம் சொன்னேன். "அந்தாளை ஒருக்கா இங்க வந்து பாத்துட்டுப் போகச் சொல்லு, கமலா. மழை பேஞ்சா அவரே அழிச்சது சரிதான்னு சொல்லிருவாரு" என்று சிரிக்கிறாள். பிறகு அங்கன்வாடி எந்த வருடம் தொடங்கியது என்று பஞ்சாயத்து வெளியிட்ட புத்தகத்தைப் பார்த்துச் சேர்த்தேன். அது நிற்கிறது. அங்கன்வாடியில் முப்பத்திரண்டு வருடம் குழந்தைகளுக்கு எடை பார்த்து எழுதினவள் நான். பிள்ளையைப் பார்த்து எழுத வேண்டும், தாயைக் கேட்டு எழுதக் கூடாது என்று எங்களுக்கும் சொல்லித்தந்திருக்கிறார்கள். உங்கள் சட்டம் எனக்குப் புதிது இல்லை.

என் வீட்டுக்காரர் பாய்லர் நோட்டில் மூன்று தடவை எழுதி வைத்தார். ஆவி அதிகமானால் தானாகத் திறந்து வெளியேற்றும் வால்வு ஒன்று உண்டாம், அது வேலை செய்யவில்லை என்று. லீவுக்கு வீட்டுக்கு வரும்போது சொல்லுவார். "எழுதிட்டேன் கமலா, ஆனா யாரு படிக்கிறா" என்பார். அந்த நோட்டு கிடைத்தால் ஆதாரமா?

கமலம்மாள்


சரஸ்வதிபுரம், மைசூரு
3 மார்ச் 2025, திங்கள்

மதிப்பிற்குரிய சம்பந்தியம்மா அவர்களுக்கு, வணக்கம். இங்கு நலமே. மூட்டுவலிக்கு வெந்நீர் ஒத்தடம் தவறாமல் கொடுங்கள். (கடிதம் மீண்டும் தேதியின்றி, முத்திரை 24 பிப்ரவரி.)

தங்கள் முன்னேற்றம் பாராட்டத்தக்கது. படித்த இளைஞர்களுக்கு ஆறு மாதம் விளக்கியும் புரியாததை, தாங்கள் அங்கன்வாடி எடைப் புத்தகத்தைக் கொண்டு ஒரே வரியில் சொல்லிவிட்டீர்கள்.

கொதிகலன் குறிப்பேடு அச்சாகாத ஆவணம், தனித்து நிற்காது. ஆனால் அரசு விசாரணை நடந்திருக்கும், அதன் அறிக்கை இருந்தால் அது வலுவான ஆதாரம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் உரிய அலுவலகத்துக்கு விண்ணப்பியுங்கள். படிவ மாதிரி இணைத்துள்ளேன்.

ஓர் ஆதாரத்தை எடைபோடும்போது மூன்றைப் பார்க்க வேண்டும். எழுதியவர் யார், எப்போது எழுதினார், அவருக்கு எப்படித் தெரியும். ஒரு பக்கம் எவ்வாறு வளர்ந்தது என்பதை, மேலே 'வரலாறு' என்னும் இடத்தைத் தொட்டால் காணலாம். யார் எந்த நாளில் எந்தச் சொல்லைச் சேர்த்தார் என்பது அனைத்தும் அங்கே பதிவாகியிருக்கும்.

தங்கள் அன்பன்
ம. முரளிதரன்


கௌதள்ளி

சம்பந்தி அவர்களுக்கு வணக்கம். வெயில் தொடங்கிவிட்டது. உங்கள் உடம்பு எப்படி?

அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. கோப்பு 2012-இல் விதிப்படி அழிக்கப்பட்டுவிட்டதாம். பதிவேட்டில் ஒரு வரிதான் மிச்சம்: விசாரணை 20-11-1991 அன்று தொடங்கியது. அவ்வளவுதான். ஒரு நாள் முழுக்க அந்தத் தாளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பிறகு நீங்கள் சொன்னபடி எடை போட்டுப் பார்த்தேன். இரண்டாம் அடிக்குறிப்பில் இருப்பது பெங்களூர்த் தமிழ்ப் பேப்பர், தேதி 13-11-1991. விபத்து நடந்தது 12-ஆம் தேதி விடியலில். விசாரணையே எட்டு நாள் கழித்துத்தான். அப்படியென்றால் அவர் தூங்கினார் என்று ஒரே நாளில் அந்தப் பேப்பருக்கு யார் சொன்னது? பாய்லர் அறையில் இருந்தவர் அவர் ஒருவர்தான், அவர் செத்துப்போனார்.

'வரலாறு' பக்கத்தையும் பார்த்தேன். கவின்ராஜ் என்கிற ஒருவர் 2019-இல், ஊழியர் தூங்கியதால் என்று பேர் போடாமல் எழுதியிருக்கிறார். யாரோ சான்று தேவை என்று கேட்டிருக்கிறார்கள். 2019 மார்ச் 3-ஆம் தேதி அந்தப் பேப்பரை அடிக்குறிப்பாகச் சேர்த்தது 'சரஸ்வதிபுரம் முரளி'. அது நீங்கள்தானே? 2021-இல் வேறொருவர் அந்த அடிக்குறிப்பைப் பார்த்து லிங்கப்பன் என்று பேரையும் சேர்த்துவிட்டார்.

அந்தப் பழைய பேப்பர் உங்களுக்கு எங்கே கிடைத்தது? அதை எழுதியவர் யார் என்று தெரியுமா? தெரிந்தால் அவரையே கேட்டுவிடலாம்.

கமலம்மாள்


சரஸ்வதிபுரம், மைசூரு
12 மே 2025, திங்கள்

மதிப்பிற்குரிய சம்பந்தியம்மா அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் கடிதம் (முத்திரை 29 மார்ச்) உரிய காலத்தில் கிடைத்தது. பதில் தாமதமானதற்கு வருந்துகிறேன். ஏப்ரல் 8 முதல் 16 வரை காய்ச்சல். அதன் பின் கண் பரிசோதனை. சென்ற வாரம் இங்கு இரண்டு நாள் நல்ல மழை. அங்கும் பெய்ததா?

தேதிகளைத் தாங்கள் ஒப்பிட்ட விதம் சரியானது. அதையே நிதானமான சொற்களில் பேச்சுப் பக்கத்தில் எழுதிக் கோரிக்கை வையுங்கள். "எனக்குத் தெரியும்" என்னும் தொடரைத் தவிர்க்கவும். பிறர் பரிசீலிப்பார்கள். நான் உறவினன் ஆகையால் அதில் கருத்துச் சொல்வது முறையன்று.

சுசித்ராவின் தேர்வு முடிவு நன்றாக வந்ததாகச் சந்துரு எழுதியிருந்தான். மகிழ்ச்சி.

தங்கள் அன்பன்
ம. முரளிதரன்


கௌதள்ளி

சம்பந்தி அவர்களுக்கு.

மழை இங்கேயும் பெய்தது. நான் கேட்டது மழையைப் பற்றி இல்லை.

கோரிக்கை வைத்தேன். "ஆதாரம் இருக்கிறது, மறுக்கும் ஆதாரம் இல்லை, ஆகவே வரி இருக்கட்டும்" என்று பதில் போட்டுவிட்டார்கள். உங்கள் சட்டப்படி சரிதான்.

எனக்கு இன்னொரு கணக்கு இடிக்கிறது. தாரணி கல்யாணம் ஆகிப் பதினைந்து வருடம் ஆகப்போகிறது. வளைகாப்புக்கு வந்தீர்கள், காதுகுத்துக்கு வந்தீர்கள், என் தங்கை செத்தபோது மழையில் நனைந்துகொண்டு வந்தீர்கள். என் வீட்டுக்காரர் நினைவு நாளுக்கு மட்டும் ஒருமுறைகூட வந்ததில்லை. ஒரு வருடம் பல்வலி, ஒரு வருடம் பஸ் இல்லை. "பொறந்த நாளு, செத்த நாளு எல்லாம் மனப்பாடமா சொல்ற மனுசன், இந்த ஒரு நாளை மட்டும் எப்படி மறக்கிறாரு?" என்று ராமக்காள் கேட்கிறாள். நான் அவள் வாயை அடைத்துவிட்டேன். என் மனசை அடைக்க முடியவில்லை.

அதை எழுதியவர் யார்?

கமலம்மாள்


சரஸ்வதிபுரம், மைசூரு
7 ஜூலை 2025, திங்கள்

மதிப்பிற்குரிய சம்பந்தியம்மா அவர்களுக்கு, வணக்கம். நலம் விசாரிக்கும் தகுதி எனக்கு இக்கடிதத்தில் இல்லை.

அதை எழுதியவன் நான்.

1991-இல் நான் மைசூரில் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துபவனாக இருந்தேன். பெங்களூரில் அச்சாகிய அந்த நாளிதழுக்குப் பகுதிநேர நிருபராகவும் செய்தி கொடுத்து வந்தேன். என் பெயர் அச்சாகாது. 'நமது நிருபர்' என்று மட்டும் வரும். நவம்பர் 12, செவ்வாய், காலை 11.20-க்கு ஆலை மேலாளர் அச்சகத்துக்குத் தொலைபேசியில் பேசினார். நால்வர் இறந்தனர், கொதிகலன் ஆள் லிங்கப்பன் உறங்கிவிட்டான் என்றார். நஞ்சன்கூடு இருபத்து நான்கு கிலோமீட்டர். நான் போகவில்லை. அன்று மாலைக்குள் முடிக்க வேண்டிய ஒரு பஞ்சாங்கத்தின் அச்சுப்படி மேசையில் இருந்தது. திதியும் நட்சத்திரமும் பிழையின்றி வர வேண்டும் என்று அதில் உட்கார்ந்துவிட்டேன். பகல் 1.05-க்குப் பெங்களூருக்குச் செய்தியைச் சொன்னேன். "மேலாளர் கூறினார்" என்றுகூடச் சேர்க்கவில்லை. நடந்ததாகவே சொன்னேன்.

13-ஆம் தேதி மாலை மைசூர் ஆஸ்பத்திரிக்குச் சென்றேன். இரு கைகளிலும் கட்டோடு மல்லம்மா என்னும் தொழிலாளி படுத்திருந்தார். அவர் சொன்னதை என் நாட்குறிப்பில் அப்படியே எழுதினேன். இப்போது அதைப் பார்த்தே எழுதுகிறேன். "அந்த வால்வைக் கம்பி போட்டுக் கட்டி வெச்சிருந்தாங்க சாமி. லிங்கப்பண்ணன் ஓடுங்க ஓடுங்கன்னு கத்திட்டு எங்களை வெளிய தள்ளினாரு. தூங்கினவரு எப்படிங்க கத்துவாரு?" மறுநாள் பெங்களூருக்குப் பேசினேன். "அது பழைய செய்தி ஆகிவிட்டது, விடுங்கள்" என்றார்கள். விட்டுவிட்டேன்.

2010-இல் கல்யாணப் பத்திரிகையின் அச்சுப்படியை நான்தான் திருத்தினேன் என்பது தங்களுக்கு நினைவிருக்கும். தாரணியின் தந்தையார் பெயரையும் 'சுபோதயா பட்டு நூற்பாலை' என்பதையும் அப்போதுதான் சேர்த்துப் படித்தேன். அன்று சொல்லியிருக்க வேண்டும். 2019-இல் 'சான்று தேவை' என்ற குறியைக் கண்டதும், என் கோப்பில் இருந்த அந்த நாளிதழ் நறுக்கை எடுத்து அடிக்குறிப்பாக்கினேன். வரியில் பெயர் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சான்றற்ற வரி ஒன்றுக்குச் சான்று தேடித் தருவது என் வழக்கம். பொய்யென்று நான் அறிந்த வரிக்கு, நானே எழுதிய பொய்யைச் சான்றாகத் தந்தேன். 2021-இல் பெயர் சேர்ந்ததையும் அன்றே கண்டேன். பேசாதிருந்தேன்.

நினைவு நாளுக்கு மல்லம்மா வருவார் என்று தாரணி சொல்லியிருந்தாள். அவர் என்னை அடையாளம் கண்டுகொள்வார் என்பதே நான் வராததற்குக் காரணம்.

தாரணியிடம் சொல்ல வேண்டியவர் யார் என்பது தங்கள் முடிவு.

ம. முரளிதரன்


கௌதள்ளி

அவளிடம் நீங்களே சொல்லுங்கள். அந்த வார்த்தை என் வாயில் வராது.

கமலம்மாள்


சரஸ்வதிபுரம், மைசூரு
22 செப்டம்பர் 2025, திங்கள்

மதிப்பிற்குரிய சம்பந்தியம்மா அவர்களுக்கு, வணக்கம். தாங்கள் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

இரு வரிகளில் வந்த தங்கள் கடிதத்திற்குப் பின் வேறு கடிதம் இல்லை. எதிர்பார்க்கவும் எனக்கு உரிமையில்லை. செய்தவற்றை மட்டும் தெரிவிக்கிறேன்.

ஜூலை 27, ஞாயிறு, பெங்களூர் சென்று சந்துருவையும் தாரணியையும் உட்கார வைத்துச் சொன்னேன். சந்துரு எழுந்து வெளியே போய்விட்டான். தாரணி காபி டம்ளரை என் பக்கம் நகர்த்தி வைத்தாள். பிறகு, "காபி ஆறுது மாமா, குடிங்க" என்றாள். அவள் என்னிடம் பேசிய கடைசி வார்த்தை அது. குடித்தேன்.

நான் அறிந்ததைக் கலைக்களஞ்சியத்தில் நேரே எழுத விதி இடந்தராது. ஆகவே அந்த நாளிதழுக்கு எழுதினேன். முப்பத்து நான்கு ஆண்டுக்கு முந்தைய செய்திக்கு எவர் திருத்தம் போடுவார் என்றார்கள். நாட்குறிப்பின் பக்கங்களை நகலெடுத்துக்கொண்டு நேரில் இருமுறை போனேன். ஆகஸ்ட் 31 இதழில் ஆறாம் பக்கத்தின் கீழ் என் பெயரோடு வெளியிட்டார்கள். நறுக்கு இத்துடன் இருக்கிறது. மேலாளர் வாய்மொழியை விசாரிக்காமல் எழுதியது வரை போட்டார்கள்; மல்லம்மா சொன்னதைத் தவிர்த்துவிட்டார்கள்.

பேச்சுப் பக்கத்தில் நான் யார் என்பதை அறிவித்து, புதியவர்களுக்கு வழிகாட்டும் பொறுப்பிலிருந்து விலகினேன். திருச்சியிலிருந்து எழுதும் அஷ்வினி என்பவர் அப்பகுதியை மாற்றினார். இப்போது இருப்பது: "விபத்தின் காரணம் குறித்த அரசு விசாரணை அறிக்கை கிடைக்கவில்லை. ஊழியர் உறங்கியதாக மறுநாள் வெளியான செய்தி, ஆலை மேலாளரின் கூற்றை மட்டும் கொண்டு விசாரிக்காமல் எழுதப்பட்டது என்று அதே நாளிதழ் 2025-இல் திருத்தம் வெளியிட்டது."

பெயர் நீங்கிவிட்டது. "அவர் உறங்கவில்லை" என்று அதில் இல்லை. அதற்கு அச்சிட்ட ஆதாரம் இன்றுவரை எங்கும் இல்லை. இருந்திருக்க வேண்டிய இடம் 1991 நவம்பர் 15-ஆம் தேதி நாளிதழ். தங்களுக்குத் தர வேண்டியதை முழுமையாகத் தர என்னால் இயலவில்லை.

ம. முரளிதரன்


கௌதள்ளி
1 நவம்பர் 2025, சனி

சம்பந்தி அவர்களுக்கு வணக்கம். தேதி போட்டிருக்கிறேன், பாருங்கள்.

நறுக்கு வந்தது. சாமி படத்துக்குப் பக்கத்தில் வைக்கவில்லை, பெட்டியில் போட்டேன். கோபம் போய்விட்டது என்று எழுதினால் அதற்குச் சான்று இல்லை. போகவில்லை. எத்தனையோ நாள் அடுப்பு முன்னால் உட்கார்ந்து, நிஜமாகவே கண் அசந்திருப்பாரோ என்று நானே நினைத்திருக்கிறேன். பேப்பரில் வந்திருக்கிறதே என்று. கட்டினவளையே அப்படி நினைக்க வைத்தீர்கள். அதற்கு எந்தப் பக்கத்தில் திருத்தம் போடுவீர்கள்?

தசரா லீவுக்குப் பிள்ளைகள் வந்தார்கள். சுசித்ரா புதிதாக இருப்பதைப் படித்துவிட்டு, "அப்போ தாத்தா தூங்கலையா, அஜ்ஜி? இதுல ஆமான்னும் இல்ல, இல்லன்னும் இல்லையே" என்றாள். "எழுதினவங்களுக்குத் தெரியாது, கண்ணு. தெரிஞ்சவங்க பன்னெண்டாம் தேதி வருவாங்க, கேட்டுக்கோ" என்று சொன்னேன். பெங்களூரிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு வருகிறாள். தாரணியும் வருகிறாள்.

மல்லம்மாவும் வருகிறாள். நஞ்சன்கூட்டிலிருந்து வருடம் தவறாமல் இரண்டு பஸ் மாறி வருகிறாள். கை விரல் இன்னும் மடங்காது. நீங்கள் யார் என்று அவளிடம் போனில் சொன்னேன். "நோட்டுல எழுதிக்கிட்டுப் போனாரே, அவரா? நான் சொன்னது பேப்பர்ல வரும் வரும்னு எத்தனை நாள் பாத்தேன்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

நீங்களும் வாருங்கள். அன்றைக்கு நஞ்சன்கூட்டுக்குப் போய்க் கேட்டிருக்க வேண்டியதை இங்கே வந்து கேளுங்கள். காது கேட்காவிட்டால் அவள் சொல்லச் சொல்ல நான் எழுதிக் காட்டுகிறேன். பிள்ளைகள் முன்னால் கேட்க வேண்டும்.

பல்வலி என்று எழுதாதீர்கள்.

கமலம்மாள்


சரஸ்வதிபுரம், மைசூரு
6 நவம்பர் 2025, வியாழன்

மதிப்பிற்குரிய சம்பந்தியம்மா அவர்களுக்கு, வணக்கம். இங்கு உடல்நலம் பயணத்திற்குப் போதுமானதாக இருக்கிறது. தங்கள் மூட்டுவலி குறைந்திருக்க வேண்டுகிறேன்.

12-ஆம் தேதி, புதன், காலை 5.30-க்குக் கொள்ளேகால் பேருந்து. அங்கிருந்து மாதேஸ்வரன் மலைப் பேருந்தில் கௌதள்ளி. பத்து மணிக்குள் வந்துவிடுவேன். பூ இங்கிருந்து வாங்கி வருகிறேன். அதற்கு அனுமதி உண்டென்று எடுத்துக்கொள்கிறேன்.

1991-ஆம் ஆண்டு நாட்குறிப்பையும் கொண்டுவருகிறேன். அதில் நவம்பர் 12-ஆம் தேதிப் பக்கத்தின் கடைசி வரி, "நஞ்சன்கூடு செல்லவில்லை" என்பது. 13-ஆம் தேதிப் பக்கத்தில் மல்லம்மா சொன்னது இருக்கிறது. அதை அவர் முன் உரக்கப் படிக்கிறேன். தவறாக எழுதியிருந்தால் அவர் திருத்தட்டும். படித்து முடித்தபின் நாட்குறிப்பைச் சுசித்ராவிடம் கொடுத்துவிட எண்ணுகிறேன், தாரணிக்கு மறுப்பில்லையென்றால்.

அன்று அவர் சொல்லப்போவதை எவ்வளவு கவனமாக எழுதிக்கொண்டாலும், அச்சேறாத வரையில் அது எங்கள் விதிப்படி ஆதாரமாகாது. கலைக்களஞ்சியத்தில் ஓர் எழுத்தும் அதனால் மாறாது. தெரிந்தே வருகிறேன்.

ம. முரளிதரன்